ஜோத்பூர் – ஜெய்சல்மேர்: சுற்றுவழியில் நான்கு நாள்

மேப்பில் ஜோத்பூர், ஜெய்சல்மேர் என்று இரண்டு பெயரைத் தட்டினால் 280 சொச்சம் கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் என்று காட்டும். தார் பாலைவனத்துக்கு முதல்முறை போகிறவர்கள் அதை அப்படியே நம்பிக் காலையில் கிளம்புவார்கள். நடுவில் ஒரு பெரிய ஹைவே ஹோட்டலில் பன்னீர் பட்டர் மசாலா, சாயங்காலம் சாம் மணல்மேட்டில் ஒட்டகத்தோடு போட்டோ, மறுநாள் திரும்பல். நானும் முதல் தடவை இதைத்தான் செய்தேன். ஊருக்கு வந்த பிறகு, பாலைவனத்தில் என்ன பார்த்தாய், என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பன்னீர் பட்டர் மசாலா திண்டிவனத்திலேயே கிடைக்கிறது.

அடுத்த தடவை ஓசியான், பலோதி, ராம்தேவ்ரா, பொக்ரான் என்று வடக்கே வளைந்து போனேன். முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் பயணமே வேறு. அதற்குப் பிறகு போன மூன்று தடவையும் இதே சுற்றுவழிதான். முதல்முறை போகிறவர்கள் அப்படியே பின்பற்றுகிற மாதிரி அதை வரிசையாக எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்

மாதம் முக்கியம். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை போங்கள். பகலில் இதமான வெயில், ராத்திரியில் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத குளிர். ஒரு கம்பளிக் குல்லாவும் தடிமனான ஜெர்கினும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று சிரித்த என் மைத்துனர் இரண்டாம் நாள் ராத்திரி ஹோட்டல் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தார். கோடையில் வேண்டவே வேண்டாம். இந்த வழியில் இருக்கும் பலோதியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது.

ஜோத்பூருக்கு விமானம் இருக்கிறது. ரயிலில் போகிறவர்களுக்கு மன்னார்குடியிலிருந்து வாரம் ஒருமுறை கிளம்பும் பகத் கி கோட்டி எக்ஸ்பிரஸ் உண்டு. பகத் கி கோட்டி என்பது ஜோத்பூரின் இன்னொரு ரயில் நிலையம். பெயரைப் பார்த்து வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.

வண்டியை ஜோத்பூரில் வாடகைக்கு எடுப்பது நல்லது. சாதாரண கார் போதும், ரோடு நன்றாக இருக்கிறது. ஜீப் மாதிரி உயரமான வண்டி கிடைத்தால் சந்தோஷம், கட்டாயமில்லை. வண்டியை வாங்கும்போது ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒருமுறை நான் பார்க்காமல் வாங்கிவந்தேன். ஓசியானுக்கும் பலோதிக்கும் நடுவில், லோகாவட்டைத் தாண்டிப் பஞ்சர் ஆனபோது ஸ்டெப்னியில் காற்றே இல்லை. வண்டி கொடுத்தவருக்குப் போன் போட்டால், "அது போனவாரம் போனவர் சொல்லவே இல்லையே" என்றார். ஒரு டிராக்டர்காரர் டயரை ஏற்றிக்கொண்டு போய்க் காற்றடித்துத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்து, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். எல்லா நாளும் டிராக்டர் வராது. ஜாக்கி, ஸ்பேனர், சின்ன ஏர் பம்ப், காற்றழுத்தம் பார்க்கிற கேஜ் நான்கும் வண்டியில் இருக்க வேண்டும்.

தலைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பெட்ரோலுக்கு ஒரே விதி: அரை டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஓசியான், பலோதி, பொக்ரான், ஜெய்சல்மேர், ராம்கட் ஊர்களில் பங்க் உண்டு. நடுவில் இருப்பதை நம்பிப் போக வேண்டாம். மேப்பை முன்னாடியே டவுன்லோட் செய்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லைப் பக்கம் போகப்போக சிக்னல் போய்விடும். சில்லறையாக இரண்டாயிரம் ரூபாயாவது கையில் இருக்கட்டும்.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மாடு, ஒட்டகம், நீல்காய் என்கிற பெரிய மான் மூன்றும் ரோட்டில்தான் நிற்கும். மாட்டின் கண் வெளிச்சத்தில் மின்னும். ஒட்டகத்தின் கண்ணோ ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும்; நமக்குத் தெரிவது நான்கு மெல்லிய கால்கள் மட்டும்தான், அதுவும் கடைசி நொடியில்.

முதல் நாள்: மிளகாயில் தொடங்கி ஓசியான் வழியாகப் பலோதி

காலை எட்டு மணிக்கு ஜோத்பூரில் ஏதாவது ஒரு நாஷ்டா கடைமுன் நில்லுங்கள். மிர்ச்சி படா வாங்குங்கள். நம்ம மிளகாய் பஜ்ஜிதான், ஆனால் அண்ணன் முறை: காரம் குறைந்த பெரிய பச்சை மிளகாயைக் கீறி, புளிப்பும் மசாலாவும் சேர்த்த உருளைக்கிழங்கை உள்ளே அடைத்து, கெட்டியான கடலைமாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். ஒன்று தின்றாலே வயிறு நிறைந்துவிடும். அங்கே பாதிப் பேர் அதை இரண்டு பிரெட் துண்டுக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்; கிண்டலடிக்காமல் முயன்று பாருங்கள், காரத்துக்குப் பிரெட் நன்றாக ஈடுகொடுக்கும். அப்புறம் ஒரு மாவா கச்சோரி. உள்ளே பால்கோவாவும் பருப்புகளும், மேலே சர்க்கரைப் பாகு. இதையே இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ளலாம்.

ஓசியான் வடக்கே 65 கி.மீ. பலரும் ஒட்டக சவாரிக்காகத்தான் இங்கே வருகிறார்கள். நீங்கள் கோயில்களுக்காகப் போங்கள். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டவை இந்தச் சின்ன ஊரில் இறைந்து கிடக்கின்றன. மகாவீரர் கோயில் பிரதிகார அரசன் வத்சராஜன் காலத்தது. ஓஸ்வால் என்கிற சமணச் சமூகத்துக்குப் பெயர் வந்ததே இந்த ஊரிலிருந்துதான். மேட்டில் இருக்கும் சச்சியா மாதா கோயிலில் எப்போதும் கூட்டம். அதைப் பார்த்துவிட்டுக் கீழே ஊர் ஓரத்தில் இருக்கும் ஹரிஹரர் கோயில்களுக்கு நடந்து போங்கள். பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். ஆளுயரத் திண்ணை, அதன் மேல் சின்னச் சின்ன சன்னிதிகள், சிவப்பு மணற்கல்லில் வெயில் சாய்வாக விழுகிறபோது சிற்பத்தின் விரல் நகம்கூடத் தெரியும். பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகிவிடும்.

மதியச் சாப்பாடு ஓசியானுக்கும் லோகாவட்டுக்கும் நடுவில், ரோட்டோர டாபாவில். எந்த டாபா என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டேன். இந்த ரோட்டில் டாபாக்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தேர்ந்தெடுக்கிற முறையைச் சொல்கிறேன். வெளியே கயிற்றுக் கட்டில் கிடக்க வேண்டும். ராஜஸ்தான் நம்பர் லாரி குறைந்தது மூன்று நிற்க வேண்டும். மெனு கார்டு இருக்கக் கூடாது. அடுப்பில் விறகு எரிந்தால் யோசிக்காமல் வண்டியை நிறுத்துங்கள்.

உட்கார்ந்ததும் "ராம் ராம் சா" என்றால் போதும், உபசாரமே வேறு மாதிரி இருக்கும். அந்த "சா" நம்ம "ங்க" மாதிரி ஒரு மரியாதை ஒட்டு. பிறகு "சோக்ரா" இருக்கிறதா என்று கேளுங்கள். சோக்ரா என்றால் கம்பு ரொட்டி. குளிர்காலத்தில் கட்டாயம் இருக்கும்.

நான் போன டாபாவில் ஒரு பாட்டியம்மா தட்டிக்கொண்டிருந்தார். கம்பு மாவு கோதுமை மாதிரி இழுபடாது, குழவியில் தேய்த்தால் உடைந்துபோகும். அதனால் ஒவ்வொரு ரொட்டிக்கும் அப்போதைக்கு அப்போது மாவைச் சுடுதண்ணீரில் பிசைந்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்து, இரண்டு கைக்கும் நடுவில் மாற்றி மாற்றித் தட்டினார். டப், டப் என்று ஒரே தாளம். ஓரம் வெடித்தால் ஈர விரலால் ஒரு தடவல். மண் சட்டியில் போட்டு, திருப்பி, கடைசியில் கனல் பக்கம் சாய்த்து நிறுத்திவிட்டார். அது உப்பி வந்ததும் தட்டில் போட்டுக் கட்டைவிரலால் ஏழெட்டுக் குழி அழுத்தி, குழி நிறைய நெய் ஊற்றினார். தொட்டுக்கொள்ளப் பூண்டு மிளகாய்ச் சட்னி, ஒரு கட்டி வெல்லம். இரண்டுக்கு மேல் யாராலும் முடியாது, ஆசைப்படாதீர்கள்.

கூடவே ராப் கிடைத்தால் விடாதீர்கள். கம்பு மாவை மோரில் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. வேறென்ன, நம்ம கம்மங்கூழ்தான். ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து கம்மங்கூழ் குடிக்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மழை குறைந்த மண்ணில் விளைவதைத்தான் இரண்டு ஊரும் சாப்பிட்டிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் பலோதிக்கு வந்துவிடுங்கள். ஓசியானிலிருந்து 75 கி.மீ. அளவில் இருக்கும். உப்பளங்களுக்கும், தேர்தல் சூதாட்டக் கணிப்புக்கும் பேர்போன ஊர். வாக்கு எண்ணிக்கைக்கு முன் டிவியில் "பலோதி சட்டா பஜார்" என்று சொல்வார்களே, அதுதான். தங்கும் இடங்கள் சுமார்தான். ஆனாலும் இங்கேதான் தங்க வேண்டும். காரணம் நாளைக் காலையில் தெரியும்.

இரண்டாம் நாள்: கீச்சன், ராம்தேவ்ரா, பொக்ரான்

அலாரத்தை ஐந்தரைக்கு வையுங்கள். பலோதிக்குப் பக்கத்திலேயே நாலைந்து கிலோமீட்டரில் கீச்சன் என்ற கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான பெருங்கொக்குகள் இமயமலையைத் தாண்டி இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை குர்ஜா என்கிறார்கள். பெருங்கொக்கு இனங்களிலேயே சிறியது இதுதான். சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கொத்து இறகு. செப்டம்பர் வாக்கில் வர ஆரம்பித்து மார்ச்சில் கிளம்பிவிடும்.

ஊர் ஓரத்தில் வேலி போட்ட ஒரு மைதானம், பெயர் சுக்கா கர். இந்த ஊர்ச் சமணக் குடும்பங்கள் தலைமுறையாக இங்கே தானியம் போட்டு வருகிறார்கள். காலையில் சோளத்தைப் பரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். முதலில் சத்தம்தான் வரும், கர்ர் கர்ர் என்று ஊரைச் சுற்றிலும். அப்புறம் வானத்தில் ஒரு வரிசை, இன்னொரு வரிசை. உடனே இறங்காது. மைதானத்துக்கு மேலே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நாயோ ஆளோ இல்லை என்று பார்த்த பிறகு ஒன்று இறங்கும். அது இறங்கிவிட்டால் மற்றவை கூட்டம் கூட்டமாகக் கொட்டும். கால் மணி நேரத்தில் தரையே தெரியாது.

பார்க்கும் முறை இதுதான்: வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் நின்றால் நன்றாகத் தெரியும், கேட்டால் ஏற விடுவார்கள், அதற்கு ஏதாவது கொடுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். டிரோன் எடுத்துவந்திருந்தால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மேல் பறவைகள் ஊரணிக் கரைக்குப் போய்விடும், அங்கேயும் பார்க்கலாம். கீச்சன் 2025-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பாலைவனத்துக்கு நடுவில் ஈரநிலம் என்பதே விசித்திரமாக இல்லையா?

திரும்பி வரும் வழியில் கிராமத்துத் தெருவில் கொஞ்சம் நடங்கள். வெளியூரில் வியாபாரம் செய்து சம்பாதித்தவர்கள் கட்டிய சிவப்புக்கல் மாளிகைகள் பூட்டிக் கிடக்கின்றன. செட்டிநாட்டுத் தெருவில் நடந்தவர்களுக்கு அந்தப் பூட்டுகளும் அமைதியும் புதிதாக இருக்காது.

ராம்தேவ்ரா அடுத்த நிறுத்தம். பாபா ராம்தேவின் சமாதி. யோகா சாமியார் இல்லை, பல நூற்றாண்டுக்கு முந்தைய மகான். இந்துக்கள் தெய்வமாகவும் முஸ்லிம்கள் ராம்சா பீர் என்றும் கும்பிடுகிறார்கள். துணியால் செய்த குதிரை பொம்மையைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள், நம் ஐயனாருக்கு மண்குதிரை வைப்பதுபோல. ஆகஸ்ட், செப்டம்பரில் திருவிழா. அப்போது ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். குளிர்காலத்தில் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து 12 கி.மீ. போனால் பொக்ரான். பெயரைக் கேட்டதுமே 1974, 1998 அணுகுண்டுச் சோதனைகள் நினைவுக்கு வரும். 1998 மே மாதச் சோதனையின்போது ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் ராணுவச் சீருடையில் "மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்" என்ற பெயரில் நடமாடியது இந்தப் பக்கத்தில்தான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, அந்த இடத்தைப் பார்க்க முடியுமா? முடியாது. ராணுவப் பகுதி. கேதோலாய் கிராமத்துப் பக்கம் வண்டியைத் திருப்பி விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், தேவையில்லாத கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

பார்க்க முடிவதைப் பாருங்கள். ஊருக்குள் சிவப்புக்கல் கோட்டை ஒன்று இருக்கிறது, கூட்டமில்லாதது. குயவர் தெருவுக்கு வழி கேட்டுப் போங்கள். பொக்ரான் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுட்ட பிறகு இளஞ்சிவப்பாக வரும் மண். ஒரு சின்னக் கூஜா வாங்கினேன், துணியில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்து சென்னை வரை உடையாமல் வந்தது. பிறகு கடைத்தெருவில் சம்சம் சாப்பிடுங்கள். பாலைத் திரித்து எடுத்த சேனாவில் செய்து பாகில் ஊறவைத்த இனிப்பு. பெங்காலிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பொக்ரானில் அது ஊர்ப் பெருமை. ஜெய்சல்மேருக்குப் போகிற பஸ்காரர்கள்கூட இறங்கி டப்பா டப்பாவாக வாங்கிப் போகிறார்கள்.

பொக்ரானிலிருந்து ஜெய்சல்மேர் 110 கி.மீ. வழியில் லாத்தி, சாந்தன் என்று ஊர்கள் வரும். மதியச் சாப்பாட்டை இந்தப் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள், கேர் சாங்க்ரி கேளுங்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பண்டம்தான் சாப்பிட முடியும் என்றால் அது இதுதான்.

சாங்க்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தல மரமாக நிற்கிறதே, விஜயதசமிக்கு அம்பு போடுகிறோமே, அதே மரம். நாம் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இவர்கள் கும்பிட்டுச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். 1730-ல் ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்த அரசனின் ஆட்களைத் தடுத்து மரத்தையும் விலங்கையும் காப்பதை மதமாகவே கொண்ட பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிர் விட்டார்கள். அந்த மரத்துக்கு அந்த மதிப்பு. கேர் என்பது முள்புதரில் விளையும் மிளகளவு, சுண்டைக்காயளவுக் காய், உப்புத் தண்ணீரிலோ மோரிலோ ஊறவைத்துக் கசப்பை எடுப்பார்கள். இரண்டையும் காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வது வழக்கம். குமட் விதை, நறுவிலிக்காய், காய்ந்த மிளகாய் சேர்த்தால் அது பஞ்ச்கூட்டா. தண்ணீரே அதிகம் வேண்டாத சமையல்: எண்ணெய், மிளகாய், மாங்காய்ப்பொடி, கொஞ்சம் உலர்திராட்சை. புளிப்பும் கடிக்கிற பதமும் மரத்தின் வாசனையுமாக இருக்கும். வத்தக்குழம்பு பிடிக்கிறவர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும்.

ஒரு விஷயம். ராத்திரியே ஊறப்போட்டால்தான் மறுநாள் சமைக்க முடியும். எனவே "உடனே செய்து தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அது டின்னில் அடைத்தது. "காலையில் செய்ததா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். இல்லையென்றால் அப்பளக் குழம்பு, அதாவது பாப்பட் கி சப்ஜி சொல்லுங்கள். காய்கறி இல்லாத ஊரில் பிறந்த குழம்பு. தயிரும் மிளகாயும் சேர்ந்து நம்ப முடியாத ருசி.

மூன்றாம் நாள்: ஜெய்சல்மேரைச் சுற்றி

ஜெய்சல்மேர் கோட்டை 1156-ல் கட்டியது. இன்னும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கோட்டைக்குள் அறை எடுக்காதீர்கள். குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வாழ்ந்த காலத்துக்குக் கட்டிய இடம். இன்று குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் கசிந்து அடிமண்ணை இளக்கிக்கொண்டிருக்கின்றன. வெளியே தங்கினால் கோட்டையை முழுசாகப் பார்த்துக்கொண்டு தூங்கலாம், வாடகையும் குறைவு. கடைத்தெருவில் கோட்டுவா லட்டு வாங்குங்கள். பூந்தியை இடித்து, கோவா சேர்த்துப் பிடித்தது, இந்த ஊருக்கே உரியது.

காலையில் முதலில் ஆக்கல். பார்மேர் ரோட்டில் 17 கி.மீ. பதினெட்டுக் கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் பூங்கா. வெறும் பாறைமேடு, ஆங்காங்கே கம்பிக்கூண்டு, தகரக் கூரை. உள்ளே அடிமரம். பட்டையின் வரி, கணு எல்லாம் அப்படியே இருக்கும், தட்டினால்தான் கல். விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்மரம் பார்த்தவர்களுக்கு அதன் மூத்த உறவினர் மாதிரித் தோன்றும். இன்றைய மணல்காட்டில் ஒரு காலத்தில் காடு இருந்ததற்கான சாட்சி. நான் போன இரண்டு தடவையும் என்னையும் காவலாளியையும் தவிர யாரும் இல்லை. நிழல் கிடையாது, ஒரு மணி நேரம் போதும்.

அமர்சாகர், லோத்ருவா இரண்டும் ஊருக்கு மேற்கே, வடமேற்கே. நேரம் இருந்தால் பாருங்கள். லோத்ருவா ஜெய்சல்மேருக்கு முன்னால் தலைநகராக இருந்தது, சமணக் கோயிலின் கல் ஜன்னல்கள் அருமை. படா பாக் சத்ரிகளை, அதாவது அரச குடும்பத்து நினைவு மண்டபங்களை, சூரிய உதயத்தில் பார்க்கச் சொல்வார்கள். பின்னால் காற்றாலைகள் சுற்றும். ஆரல்வாய்மொழிக்காரர்கள் அதை விட்டுவிடலாம்.

மதியத்துக்கு மேல் குல்தரா. பேய் ஊர் என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஜெய்சல்மேர் திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் பாலிவால் பிராமணர்கள் ஒரே ராத்திரியில் காலிசெய்துவிட்டு சாபம் போட்டுப் போனார்கள் என்பது கதை. எனக்குப் பேயைவிட அவர்கள் விவசாயம் செய்த முறைதான் ஆச்சரியம். காடீன் என்று பெயர். பாறைச் சரிவில் வழிந்து வரும் மழைத் தண்ணீரைத் தாழ்வான இடத்தில் கரை போட்டுத் தடுத்துவிடுவார்கள். நாமும் ஏரியில் அதைத்தான் செய்கிறோம், ஆனால் தண்ணீரை மதகு வழியே வெளியே வயலுக்குக் கொண்டுபோகிறோம். இவர்கள் தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து, ஏரிக்குள்ளேயே, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்தார்கள். அதன் பிறகு ஒரு சொட்டு மழை வேண்டாம். ஜெய்சல்மேர் பக்கம் இன்றும் காடீன்கள் விளைகின்றன. டிசம்பர், ஜனவரியில் போனால் மணலுக்கு நடுவில் பச்சையாக ஒரு சதுரம் தெரியும். வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

குல்தராவில் கூட்டம் அதிகமாக இருந்தால் மேலே போய் காபா கோட்டைக்குப் போங்கள். அதுவும் பாலிவால் ஊர்தான். கோட்டை மேலிருந்து கீழே பார்த்தால் கூரையில்லாத வீடுகளின் சுவர்கள் ஒரு வரைபடம் மாதிரி விரிந்து கிடக்கும். உள்ளே ஒரு சின்னப் பாறைக் கண்காட்சி. காலையில் போனால் முற்றம் நிறைய மயில்.

சூரிய அஸ்தமனத்துக்கு சாம் போகாதீர்கள் என்பது என் கருத்து. டெண்ட், டிஜே, ஜீப் சத்தம். தென்மேற்கே 45 கி.மீ. போல இருக்கும் கூரிக்குப் போங்கள். மண்வீடுகள் உள்ள கிராமம், அதன் ஓரத்திலேயே மணல்மேடு. ஒட்டகக்காரரிடம் ஏறுவதற்கு முன்னால் நேரமும் காசும் பேசிக்கொள்ளுங்கள். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்காலில் எழும், பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி கிராமத்திலேயே தங்கினால் சாப்பாடு அவர்கள் அடுப்பிலிருந்து வரும்.

மணலில் மாட்டிக்கொண்டால்

கூரி போகும் வழியில் நான் மாட்டிக்கொண்டேன். போட்டோவுக்காக வண்டியை ரோட்டிலிருந்து பத்தடி இறக்கினேன், அவ்வளவுதான். பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டி, வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, என்னைத் திட்டிவிட்டு, சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

சக்கரம் சுற்ற ஆரம்பித்த உடனே காலை எடுத்துவிடுங்கள். எல்லோரும் இறங்குங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும், வண்டி வயிற்றுக்கு அடியிலும் மணலைக் கையால் வாரி எடுங்கள். நான்கு டயரிலும் காற்றை இறக்குங்கள். பெரியவர் சத்தத்தை வைத்தே கணக்குப் பார்த்தார், கேஜ் வைத்திருப்பவர்கள் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். டயர் அகலமாகி மணல்மேல் மிதக்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். வண்டிக்குள் இருக்கும் கால்மிதியை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள். முன்னால் போகப் பார்க்காமல், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். ரோட்டுக்கு வந்ததும் காற்றடித்துக்கொள்ளுங்கள்; குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் போய்விடும்.

நான்காம் நாள்: தனோட், லோங்கேவாலா

ஏழு மணிக்குக் கிளம்புங்கள். ஜெய்சல்மேரிலிருந்து ராம்கட் வழியாகத் தனோட் 120 கி.மீ. ராம்கட்டில் டேங்க்கை நிரப்பிவிட்டு, சமோசாவும் டீயும் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கடைகள் அரிது. பஞ்சாபிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் இந்தப் பக்கம் எட்டியிருக்கிறது, திடீரென்று மரமும் பயிருமாக வரும், அப்புறம் மறுபடி மணல். ரோடு அலை அலையாக ஏறி இறங்கும். மேட்டில் ஏறும்போது எதிரே வருவது தெரியாது, ஓவர்டேக் வேண்டாம். காற்றடித்த மறுநாள் ரோட்டின் மேலேயே மணல் படிந்திருக்கும். அதில் பிரேக் அடிக்காமல் வேகத்தை முன்னாடியே குறைத்துவிடுங்கள்.

தனோட் மாதா கோயிலில் பூசை செய்கிறவர்கள் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்கள். 1965 போரில் சுற்றி விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை, தாய் காத்தாள் என்பது நம்பிக்கை. வெடிக்காத குண்டுகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஆரத்திக்கு வீரர்களே பாடுவார்கள். ஒரு கேன்டீன் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும், திருநெல்வேலிக்காரர் ஒருவர் பணி முடிந்து ஓடிவந்து கால் மணி நேரம் தமிழ் பேசிவிட்டுப் போனார். வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு இருந்தால் மிச்சம் வையுங்கள்.

அங்கிருந்து 40 கி.மீ. போல லோங்கேவாலா. 1971 டிசம்பர் 4, 5 தேதிகளில் சுமார் 120 இந்திய வீரர்கள் பாகிஸ்தான் டாங்கிப் படையை ராத்திரி முழுக்கத் தடுத்து நிறுத்த, விடிந்ததும் விமானப்படை வந்து முடித்துவைத்தது. பிடிபட்ட டாங்கிகள் அப்படியே நிற்கின்றன. இரண்டு இடத்துக்கும் இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோடு வரை போவதற்குத்தான் தனி அனுமதி. ராணுவ வண்டிகளைப் படமெடுக்காதீர்கள். இருட்டுமுன் ஜெய்சல்மேர் திரும்பிவிடலாம்.

ஊருக்குக் கிளம்புமுன் மளிகைக் கடையில் காய்ந்த சாங்க்ரி அரைக்கிலோ வாங்குங்கள். விலை முந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும், பயந்துவிடாதீர்கள், ஊறினால் நிறைய காணும். குச்சிபோல மெலிந்ததாக, உள்ளே விதை பெருக்காததாகப் பார்த்து எடுங்கள்; தடித்தது நாராக இருக்கும். வீட்டில் ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் இரண்டு விசில் விட்டுத் தாளிக்கலாம், கேர் கிடைக்காவிட்டால் சுண்டைக்காய் வத்தல் சேர்த்தாலும் தப்பில்லை. ஊறப்போடும் முன் நன்றாகக் கழுவுங்கள். முதல் தண்ணீரில் பாத்திரத்தின் அடியில் மணல் இறங்கும். தண்ணீர் தெளிந்து வரும்வரை மூன்று தடவையாவது மாற்ற வேண்டும்.